மழுங்கினால் தீட்டு: அந்தக் காலத்து வீட்டுக் கத்திகளும் அவற்றின் பராமரிப்பும்

இரண்டு தலைமுறைக்கு முன்பு, தமிழ்நாட்டில் விவசாயம் பார்த்த ஒரு குடும்பத்தின் வெட்டுக் கருவிகளை மட்டும் எடுத்து வரிசையாக வைத்தால் திண்ணை நிறைந்துவிடும். அடுப்படியில் அரிவாள்மனை. வெற்றிலைப் பெட்டிக்குள் பாக்குவெட்டி. எறவாணத்தில் செருகிய கருக்கரிவாள்கள், அறுப்புக்குப் போகிற ஆளுக்கு ஒன்றாக. விறகு, தேங்காய், கரும்பு, வேலிமுள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வெட்டரிவாள். கொங்குப் பக்கம் அது கொடுவாள், கன்னியாகுமரிப் பக்கம் வெட்டுக்கத்தி. இவ்வளவும் சாதாரண இரும்பும் எஃகும்தான். தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும், நான்கு நாள் கவனிக்காவிட்டால் மழுங்கிப்போகும். ஆனாலும் ஒரே அரிவாள்மனை மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைமாறி, அவள் மருமகள் வரும்வரை ஓடியது. அது எப்படி முடிந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இதற்குமுன் கத்தி தீட்டிப் பழக்கமே இல்லாதவருக்கும் புரியும்படி அடியிலிருந்து தொடங்கலாம்.

கூர் என்பது என்ன?

கத்தி அலகின் இரண்டு பக்கங்களும் சரிந்து வந்து ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூர். கை கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய கோட்டில் குவிகிறது. அதே அழுத்தத்தை விரலால் கொடுத்தால் தக்காளி நசுங்கும், கத்தியால் கொடுத்தால் தோல் பிளக்கும்.

இரண்டு பக்கமும் சந்திக்கும் கோணம் வேலைக்குத் தகுந்தபடி மாறும். சவரக்கத்தியில் அது சுமார் 15 முதல் 20 டிகிரி. காய் நறுக்கும் கத்திக்கு 30 முதல் 40 டிகிரி. விறகு வெட்டும் அரிவாளுக்கு அதைவிட அதிகம். வெட்டரிவாளைச் சவரக்கத்தி மாதிரி தீட்டினால் முதல் கட்டையிலேயே விளிம்பு மடங்கும், இல்லையென்றால் பொடிப்பொடியாகப் பெயரும்.

கூர் மூன்று விதமாகப் போகிறது. வெட்ட வெட்ட விளிம்பு தேய்ந்து உருண்டுபோவது ஒன்று. தேயாமலே மெல்லிய விளிம்பு ஒரு பக்கமாக மடங்கிக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது துரு. ஈரக் கத்தியை ராத்திரி முழுக்க அப்படியே போட்டுவைத்தால், காலையில் ஒரு வெட்டுகூட வெட்டாமலே கூர் குறைந்திருக்கும். கத்தியிலேயே ஆக மெல்லிய இடம் விளிம்பு என்பதால் துரு அங்கே துளி தின்றாலும் தெரிந்துவிடும். தேய்ந்ததற்குக் கல் வேண்டும், மடங்கியதற்குத் தோலோ பலகையோ போதும், துருவுக்குத் துணியும் எண்ணெயும். பழைய பராமரிப்பு வழக்கங்கள் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றுக்கான பதில்தான்.

கொல்லர் பட்டறையில் நடந்தது

இரும்பில் மிகச் சிறிய அளவு கார்பன் சேர்ந்தால் அது எஃகு. எஃகைக் கடினமாக்க முடியும். வெறும் இரும்பை அந்த அளவுக்கு முடியாது. எஃகு அரிதாகவும் விலை கூடுதலாகவும் இருந்த காலத்தில் முழு அரிவாளையும் அதில் செய்வது கட்டுப்படியாகாது. அதனால் உடலை இரும்பில் அடித்து, வாய்ப்பக்கம் மட்டும் ஓர் எஃகுப் பட்டையைக் காய்ச்சி ஒட்டி அடிப்பது வழக்கமாக இருந்தது. அடி தாங்க இரும்பு, கூர் நிற்க எஃகு. பிற்காலத்தில் லாரிகள் பெருகியபோது பழைய ஸ்பிரிங் பட்டைகள் கொல்லர் கைக்கு வந்தன. நல்ல எஃகு, மலிவான விலை. இன்றும் பட்டறையில் அடிக்கும் நல்ல அரிவாள் பெரும்பாலும் ‘லாரி பட்டை’தான். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கென்றே பேர் வாங்கிய ஊர்.

அலகை அடித்து முடித்த பிறகுதான் கொல்லருக்கு உண்மையான சோதனை. துருத்தி ஊதி, கரி உலையில் அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவார். ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூடு. அப்படியே தண்ணீரில் முக்குவார். இதுதான் தோய்ச்சல். சட்டென்று குளிர்ந்த எஃகு மிகவும் கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வந்துவிடும். அதைத் தணிக்க மறுபடியும் லேசாகச் சூடு காட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகில் 200 முதல் 300 டிகிரிக்குள் நிறங்கள் ஓடும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வெப்பமானி இல்லாத பட்டறையில் இந்த நிறங்கள்தான் அளவு. மஞ்சளில் நிறுத்தினால் கூர் நெடுநாள் நிற்கும், நீலம்வரை போனால் கடினம் குறைந்து அடி தாங்கும். எந்தக் கருவியை எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பது கொல்லரின் கண்ணில் இருந்த படிப்பு. பள்ளிக்கூடம் போகாத ஆட்கள் இதைப் பிசகாமல் செய்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இந்த மண்ணில் எஃகு வேலைக்கு நீண்ட கதை உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய இரும்பு உருக்கு உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய உருக்கு, அதாவது எஃகு, ஐரோப்பிய அறிவியலாளர்களையும் இழுத்தது. மைக்கேல் ஃபாரடே அதைப் பகுத்தாய்ந்து 1819இல் கட்டுரை வெளியிட்டார். அடுத்து, ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற லண்டன் கத்தி செய்பவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைச் சோதித்தார். ஃபாரடேயின் அப்பாவும் ஒரு கொல்லர்தான்.

கொல்லருக்குக் கூலி அப்போதைக்கப்போது காசாகப் போகவில்லை. வருஷம் முழுக்க அரிவாளைக் காய்ச்சி அடித்துக் கொடுப்பார், ஏர்க்கொழு கூராக்கிக் கொடுப்பார். அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் அவருக்கு நெல் அளப்பார்கள். ஒவ்வொரு முறையும் பணம் கொடுக்க வேண்டியிராததால், கருவி கொஞ்சம் கெட்டதுமே பட்டறைக்குப் போயிற்று, முழுக்கக் கெடும்வரை காத்திருக்கவில்லை. பராமரிப்பு ஒழுங்காக நடந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கொல்லருக்கு இதில் பேரம் பேச இடமில்லை, விளைச்சல் பொய்த்த வருஷம் அவர் வயிற்றிலும் அடி விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரிவாள்மனை

கத்தியைக் கையில் பிடித்துப் பலகைமேல் காயை வைத்து நறுக்குவது நமக்கு இன்று பழக்கமாகிவிட்டது. அரிவாள்மனையில் எல்லாமே தலைகீழ். கத்தி அசையாது, காய்தான் நகரும். ஒரு மரப்பலகை, அதிலிருந்து வளைந்து எழும் அலகு, பல மனைகளில் அலகின் நுனியில் பல் வெட்டிய தேங்காய்த் துருவி. பலகையைக் காலாலோ தொடையாலோ அழுத்திக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். இரண்டு கையும் காயைப் பிடிக்கும். நறுக்கியது நேராகக் கீழே இருக்கும் தட்டில் விழும். வங்காளத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் இதே அமைப்பு வெவ்வேறு பேரில் உண்டு. சமையல் மேடை இல்லாத, தரையில் உட்கார்ந்து வேலை செய்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அலகு வளைந்திருப்பதால் காய் அதன்மேல் நேராக மோதாமல் சறுக்கிக்கொண்டே அறுபடும். வெறுமனே அழுத்துவதைவிடச் சறுக்கி அறுப்பதற்குக் குறைந்த பலம் போதும். முழுப் பூசணியையோ பெரிய மீனையோ இரண்டு கையாலும் பிடித்து உடம்பின் எடையைக் கொடுத்துத் தள்ளலாம். மீன் சந்தைகளில் இன்றும் பெரிய அரிவாள்மனைகள் நிற்பது அதனால்தான்.

வாழைப்பூவையும் வாழைக்காயையும் இதில் நறுக்கினால் காயும் கறுக்கும், அலகும் கறுக்கும். அவற்றில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருநிறமாகிறது. அழுக்கு இல்லை, கெடுதலும் இல்லை. பார்க்கத்தான் நன்றாக இருக்காது. அதற்காகவே நறுக்கியதை உடனே மோர்த் தண்ணீரில் போட்டார்கள். பலாப்பழம் என்றால் அலகுக்கும் கைக்கும் முதலில் எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் பால் பிசின் ஒட்டி ஒரு நாள் முழுக்கச் சுரண்ட வேண்டியிருக்கும். புளிப்பான மாங்காய் நறுக்கினால் அலகை அப்போதே கழுவியாக வேண்டும், அமிலம் விளிம்பைத் தின்னும். இப்படி எந்தக் காய்க்கு அலகு என்ன ஆகும் என்கிற அறிவு சமையல் பக்குவத்தோடு சேர்ந்தே மகளுக்குப் போனது.

வேலை முடிந்ததும் மனையைக் கழுவி, துடைத்து, அலகு சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைப்பார்கள். அலகை மேலே தூக்கிக்கொண்டு நடுவீட்டில் அதை விட்டுப்போனால் திட்டு நிச்சயம். நடமாடும் குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் திட்டு நியாயமானது.

வயலிலும் மரத்திலும்

நெல்லறுக்கும் கருக்கரிவாளுக்கு வழவழப்பான கூர் கிடையாது. பனைமட்டைக் கருக்கு போல நுண்ணிய பற்கள்தான். நெல் தாளில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா நிறைய இருக்கிறது. சாதாரணக் கூரை அது சீக்கிரம் மழுக்கிவிடும். பற்கள் தாளைக் கவ்வி இழுத்து அறுப்பதால், நுனி கொஞ்சம் தேய்ந்தாலும் வேலை நடக்கும். ஆனால் இந்த அரிவாளை வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது, தீட்டினால் பல்லெல்லாம் போய்விடும். அறுப்புக்கு முன்னால் கொல்லரிடம் கொடுத்து உளியால் புதுப் பல் வெட்டிக்கொள்ள வேண்டும். தை அறுவடைக்கு முன் பட்டறையில் கூட்டம் நெரித்தது இதற்காகத்தான்.

இதற்கு நேர் எதிர் பனையேறியின் பாளை அரிவாள். பதநீர் ஊற வேண்டுமானால் பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். சீவிய இடம் காய்ந்தால் சாறு வரும் துளைகள் அடைத்துக்கொள்ளும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்து வருமானம் போகும். மழுங்கிய அரிவாளால் பாளையை நசுக்கிவிட்டால் சாறு ஒழுங்காக வடியாது. அதனால் மரம் ஏறும் முன் தீட்டுவது அன்றாட வேலை. வெங்கச்சங்கல்லை, அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லைப் பொடித்து, மரப்பலகைமேல் தூவி, அதில் அரிவாளை மாறி மாறி இழுப்பார்கள். வெங்கச்சங்கல் எஃகைவிடக் கடினமானது, அதன் தூள் பலகையில் பதிந்து மிக நுண்ணிய தீட்டுக்கல்லாக வேலை செய்யும். கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய எதுவும் இதில் இல்லை. தீட்டிய அரிவாள் இடுப்பில் கட்டிய பெட்டிக்குள் போகும். உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்பவருக்கு அந்தப் பெட்டி உயிர்க்காப்பு.

நாவிதரின் சவரக்கத்திதான் எல்லாவற்றிலும் மெல்லிய விளிம்பு உடையது. நுண்ணிய கல்லில் தீட்டிய பிறகு அதைத் தோல் வாரில் முன்னும் பின்னும் இழுப்பார். தோல் எஃகை அவ்வளவாகத் தேய்க்காது. மடங்கிய விளிம்பை நிமிர்த்தும், ஒட்டியிருக்கும் பிசிறை நீக்கும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் அந்த இழுப்பு நடந்ததால், கல்லில் தீட்டும் தேவை எப்போதாவதுதான் வந்தது. ஓலையில் எழுதியவர்களிடமும் கத்தி இருந்தது. வாரெழுத்தாணியின் ஒரு முனையில் எழுதும் கூர், மறுமுனையில் ஓலையை வாரி நறுக்கச் சின்ன அலகு.

துடை, எண்ணெய் இடு, தீட்டு

கருவியைக் கழுவினால் உடனே துடைக்க வேண்டும். முக்கால்வாசிப் பராமரிப்பு இதிலேயே முடிந்துவிடுகிறது. நாள் கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் எண்ணெய். துருப்பிடிக்க இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைக்க வேண்டும்; எண்ணெய்ப் படலம் இரண்டையும் தடுக்கிறது. தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ எது இருக்கிறதோ அது. இந்த வழக்கம் மிகப் பழையது. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மாளிகையில் இருக்கின்றன என்றும், அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்றும் சொல்கிறார். அரசியல் பேசும் பாட்டுதான். ஆனால் சும்மா இருக்கும் இரும்புக்கு நெய், உழைத்துத் தேய்ந்த இரும்புக்குக் கொல்லர் பட்டறை என்ற பராமரிப்பு முறை அதில் அப்படியே இருக்கிறது.

துரு வந்துவிட்டால் புளியைத் தண்ணீரில் கரைத்துத் தடவி ஊறவிட்டு, தேங்காய் நாரில் சாம்பலோ செங்கல் தூளோ தொட்டுத் தேய்ப்பார்கள். புளியின் அமிலம் துருவை இளக்கும், தூள் அதைச் சுரண்டி எடுக்கும். அப்புறம் நன்றாகக் கழுவித் துடைத்து எண்ணெய் இட்டாக வேண்டும். அமிலம் மிச்சம் இருந்தால் மறுநாளே புதுத் துரு வந்து நிற்கும்.

கூர் கொஞ்சம் குறைந்தால் வாசல்படிக் கல்லிலோ துவைக்கிற கல்லின் ஓரத்திலோ தண்ணீர் தெளித்து இழுத்துக்கொண்டார்கள். அதிகம் குறைந்தால் சாணைக்காரர் வரும்வரை பொறுப்பார்கள். ‘சாணை பிடிக்கிறது, கத்தி சாணை பிடிக்கிறது’ என்ற குரல் தெருவில் கேட்டதும் ஆளுக்கு ஒரு கத்தியோடு வெளியே வருவார்கள். காலால் மிதித்தால் சுழலும் சக்கரம், பிற்காலத்தில் சைக்கிளில் பொருத்திய சக்கரம். பழைய சாணைச் சக்கரங்களைக் குருந்தக்கல் தூளை அரக்கில் குழைத்துச் செய்தார்கள். வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் உள்ள கல் அது. சேலம், தருமபுரிப் பக்கத்தில் கிடைத்தது. சாணைக்காரராலும் முடியாது என்ற நிலை வந்தால், அதாவது விளிம்பு பெயர்ந்து எஃகே தீர்ந்துபோனால், மறுபடி கொல்லர். அவர் புது எஃகு வைத்து அடித்துக் கொடுப்பார். பிடி ஆடினால் அரக்கை உருக்கி ஊற்றிக் காம்பை இறுக்கி, பூண் மாட்டுவார்.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கருவியும் ஒரே நாளில் வெளியே வரும். ஆயுத பூஜைக்கு மூலையில் கிடந்த அரிவாளைக்கூடத் தேடி எடுத்து, துரு போக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அன்றைக்கு அதை வேலைக்கு எடுக்க மாட்டார்கள். இந்தப் பூஜை வருவது புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, அதாவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. ஈரக்காற்று வருவதற்கு முன் வீட்டில் உள்ள இரும்பு எல்லாம் ஒருமுறை துடைக்கப்பட்டுவிடும். பக்தியோடு செய்த அந்த வேலை இரும்புக்கும் நல்லதாக அமைந்தது.

கத்தியைக் கையோடு கை கொடுக்கக்கூடாது, சண்டை வரும் என்று சொல்லிக் கீழே வைத்து எடுக்கச் சொன்னார்கள். காரணம் எதுவானாலும் அது விரலைக் காத்த பழக்கம். எல்லாப் பழக்கமும் இப்படி நல்லதாக இருந்ததில்லை. பிரசவத்தில் வீட்டு அரிவாளாலோ சவரக்கத்தியாலோ தொப்புள்கொடியை அறுத்ததால் பச்சைக் குழந்தைகளுக்கு ரணஜன்னி வந்தது. பளபளவென்று துடைத்த கத்தியிலும் அந்தக் கிருமி இருக்கலாம். மண்ணிலிருந்து வருவது, கண்ணுக்குத் தெரியாது. தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவிய பிறகு, 2015இல்தான் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பழைய கத்தியைப் போற்றிப் பேசும்போது இதை மறைப்பது சரியில்லை.

எவர்சில்வர் வந்த பிறகு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரெர்லி குரோமியம் கலந்த, துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் மேலே தானாக ஒரு மெல்லிய படலம் உண்டாகி இரும்பைக் காக்கும். நம் ஊர்ச் சமையலறைக்கு அது வந்தபோது துடைப்பதும் எண்ணெய் இடுவதும் தேவையில்லாமல் போயின. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் துரு போனதே தவிர, தேய்வதும் மடங்குவதும் போகவில்லை. எவர்சில்வர் கத்திக்கும் தீட்டு வேண்டும். அதை நாம் மறந்துவிட்டதால்தான் பல வீடுகளில் மொட்டைக் கத்தியைப் பலமாக அழுத்தி, வழுக்கி, கையை வெட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டுப் பரணில் பழைய அரிவாள்மனையோ இரும்புக் கத்தியோ கிடந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். துரு ஆழமாகக் குழி போடாமல் இருந்தால் போதும், உயிர் கொடுத்துவிடலாம். புளிக்கரைசலை அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கடையில் கிடைக்கும் இரண்டு பக்கத் தீட்டுக்கல்லை நனைத்துக்கொண்டு, முதலில் சொரசொரப்பான பக்கத்தில், கல்லுக்கும் அலகுக்கும் இடையே 15 முதல் 20 டிகிரி சாய்வு மாறாமல் இழுங்கள். மறுபக்கத்தில் விரலால் விளிம்பை நோக்கி மெதுவாகத் தடவினால் ஒரு பிசிறு தட்டுப்படும். விளிம்பின் நீளத்துக்கும் அது வந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. திருப்பிப்போட்டு அதே மாதிரி செய்து, பிறகு வழவழப்பான பக்கத்தில் லேசான கையோடு மாறி மாறி இழுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட் ஒன்றில், விளிம்பு பின்னால் வரும்படி சில முறை. அரிவாள்மனையின் அலகு பலகையில் நிலையாக இருப்பதால் அதற்கு மட்டும் கல்லைக் கையில் பிடித்து அலகின்மேல் ஓட்ட வேண்டும். விரல் விளிம்புக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே கொடுத்துத் தீட்டுவதென்றால், மின்சாரச் சாணையில் அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தீப்பொறி பறக்க ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலநிறமாகும். அந்த நீலம் கடினம் இறங்கிவிட்டதன் அடையாளம். அந்த இடத்தில் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் ஏறிய பகுதியைக் கல்லில் முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி தோய்ச்சல் போட ஒரு கொல்லர் பட்டறையைத் தேடிப் போக வேண்டும்.